பக்கத்து வீட்டுக்கு வியாழக்கிழமை ராத்திரி வரும் பெட்டி – மனம் புண்படாமல் நாங்களும் எப்படி உதவுவது?

வாசல்கோலம் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நியூ ஜெர்சியில் ஹைலேண்ட் பார்க்கில் இருக்கிறோம், வந்து நாலு வருஷம் ஆகிறது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் எடிசன் முழுக்க நம் ஊர்க்காரர்கள், இட்லி அரிசி முதல் முருங்கைக்கீரை வரை கிடைக்கும். ஆனால் எங்கள் தெருவில் பாதிக்கு மேல் யூதக் குடும்பங்கள். சனிக்கிழமை காலையில் குடும்பம் குடும்பமாக ஜெப ஆலயத்துக்கு நடந்தே போவார்கள், அன்றைக்குக் காரைத் தொடுவதில்லை.

வலப்பக்கத்து வீட்டில் ஆறு பிள்ளைகள், கடைக்குட்டிக்கு ரெண்டு வயசு. அந்த வீட்டுக்காரருக்குப் போன ஆகஸ்டில் உடம்பு முடியாமல் போய், ஆஸ்பத்திரியில் பல வாரம் இருந்து வந்தார். அதற்கப்புறம் வேலைக்குப் போவதாகத் தெரியவில்லை. அப்போதிலிருந்து ஒவ்வொரு வியாழக்கிழமையும் ராத்திரி ஒன்பதரை வாக்கில் ஒரு கார் வரும். இன்ஜினைக்கூட அணைக்காமல் ஒரு பையன் இறங்கி, பக்கவாசலில் ரெண்டு அட்டைப்பெட்டியை வைத்துவிட்டு, மணி அடிக்காமல் போய்விடுவான். பெட்டியில் பேர் ஊர் எதுவும் இருக்காது. கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மா வந்து எடுத்துக்கொள்வார். நான் ஏதோ ஆன்லைன் மளிகை என்றுதான் நினைத்திருந்தேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால் நல்ல மழை. அவர் பெட்டியைத் தூக்கும்போது அடி அட்டை ஊறிப்போய்ப் பிய்ந்து, உருளைக்கிழங்கும் வெங்காயமும் எங்கள் வீட்டுப் பக்கம் உருண்டு வந்துவிட்டன. எங்கள் சுவரில் ஆள் நடந்தால் எரிகிற சென்சார் விளக்கு ஒன்று இருக்கிறது, அது பளிச்சென்று எரிந்தது. நான் ஓடிப்போய்ப் பொறுக்கிக் கொடுத்தேன். பின்னல் போட்ட ரொட்டி ரெண்டு, கோழி பாக்கெட், மீன், திராட்சைச் சாறு பாட்டில், கேரட். அவர் 'தேங்க் யூ' என்றார், ஆனால் நிமிர்ந்து என்னைப் பார்க்கவே இல்லை. அந்த முகம் எனக்கு மறக்கவில்லை.

எனக்கு அந்த முகம் தெரியும். நான் எட்டாவது படிக்கும்போது அப்பாவுக்கு ஒரு வருஷம் வேலை இல்லை. பக்கத்து வீட்டு மாமி 'இன்னிக்கு கூட வடிச்சுட்டேன்டி' என்று சொல்லி ஒரு தூக்கில் சோறு கொண்டு வந்து வைப்பார். தினமும் ஒருவர் கூட வடிக்க மாட்டார் என்று அம்மாவுக்கும் தெரியும், மாமிக்கும் தெரியும்.

அதனால் அடுத்த நாளே நான் எலுமிச்சை சாதமும் உருளை வறுவலும் செய்து கொண்டுபோய்க் கொடுத்தேன். ரெண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அவர்கள் கோஷர் என்ற யூத உணவு விதி பார்ப்பவர்கள், நம் சமையலைச் சாப்பிட்டிருக்க முடியாது என்று அப்புறம்தான் உறைத்தது. சைவம்தானே என்று நினைத்துவிட்டேன்.

என் கேள்வி இதுதான். இந்தப் பெட்டியை யார் அனுப்புகிறார்கள், இது எப்படி நடக்கிறது? நாங்கள் ஏதாவது செய்ய நினைக்கிறோம், அந்த அம்மா தலைகுனியாமல் எப்படிச் செய்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


இரவுப்பணி எழுதியது:

வாசல்கோலம், மன்ஹாட்டனில் ஒரு ஆஸ்பத்திரியில் 16 வருஷமாக நைட் டியூட்டி பார்க்கும் நர்ஸ் நான். இந்தச் சமூகத்துக் குடும்பங்களை ரொம்பக் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பெட்டிக்குப் பெரும்பாலான ஊர்களில் 'தோம்கே ஷாபோஸ்' என்று பேர். சபாத்தைத் தாங்குகிறவர்கள் என்று பொருள். இது ஒரே தலைமையகம் உள்ள ஒரு நிறுவனம் இல்லை, ஊருக்கு ஊர் அந்தந்தச் சமூகமே தனித்தனியாக நடத்துவது. வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததிலிருந்து சனிக்கிழமை இருட்டும் வரை சபாத், அவர்களுடைய புனித ஓய்வு நாள். அடுப்பு பற்றவைக்கக் கூடாது, கடைக்குப் போகக் கூடாது, ஆனால் மூன்று வேளைச் சாப்பாடு விசேஷமாக இருக்க வேண்டும், மேஜையில் ரெண்டு ரொட்டியும் ஒயினோ திராட்சைச் சாறோ இருக்க வேண்டும். எவ்வளவு கஷ்டத்தில் இருக்கிற வீடானாலும் அன்றைக்கு மட்டும் குறை தெரியக் கூடாது என்று நினைப்பார்கள். நம் ஊரில் பொங்கலன்றைக்கு ஒரு வீட்டில் பானை ஏறவில்லை என்றால் எப்படி இருக்கும், அது அவர்களுக்கு வாராவாரம். அதனால்தான் வியாழக்கிழமை ராத்திரி. வெள்ளிக்கிழமை சமைக்கப் பொருள் கையில் இருக்கும்.

ஏதாவது ஒரு கிடங்கிலோ ஜெப ஆலயத்தின் கீழ்த்தளத்திலோ பள்ளிக்கூடப் பிள்ளைகளும் பெரியவர்களும் வரிசையாக நின்று பெட்டி கட்டுவார்கள். கார் ஓட்டுகிறவர்கள் எல்லாம் தொண்டர்கள். மணி அடிக்காமல் போவது அந்தப் பையனுக்கு நேரமில்லாததால் இல்லை, அதுதான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்த முறை. வாங்குகிறவர் முகத்தைக் கொடுக்கிறவர் பார்க்கக் கூடாது. பல இடங்களில் ஓட்டுகிறவர் கையில் விலாசம் மட்டும்தான் இருக்கும், பேர் இருக்காது.

நல்ல வேலையில் இருந்த குடும்பத்துக்கு எப்படி இந்த நிலை என்று உங்களுக்குத் தோன்றலாம். கோஷர் இறைச்சி சாதாரண இறைச்சியைவிட விலை கூட. பிள்ளைகள் எல்லாரும் மதப் பள்ளியில் படிப்பார்கள், ஆறு பிள்ளைக்கும் கட்டணம். ஒரு சம்பளம் நின்றாலே வீடு ஆடிப்போகும்.

ஆஸ்பத்திரி விஷயமும் சொல்கிறேன். 'பிக்கூர் கோலிம்' என்றால் நோயாளியைப் போய்ப் பார்ப்பது. அது அவர்களுக்கு விருப்பம் இல்லை, கடமை. நியூயார்க்கின் பெரிய ஆஸ்பத்திரிகள் பலவற்றில் அந்தப் பேரில் ஒரு சின்ன அறை இருக்கும். எங்கள் மாடியில் இருப்பதில் ஒரு ஃபிரிட்ஜ், மைக்ரோவேவ், சூப், ரொட்டி, டீத்தூள், பிரார்த்தனைப் புத்தகம், போன் சார்ஜர், வெள்ளிக்கிழமை சபாத் விளக்குக்கு பேட்டரி மெழுகுவத்தி. வார்டில் நிஜ மெழுகுவத்தி ஏற்ற முடியாது இல்லையா, அதற்குத்தான். காலையில் ஒரு அம்மா வந்து தீர்ந்ததையெல்லாம் நிரப்பிவிட்டுப் போவார். பத்து வருஷமாக அதே அம்மா. புரூக்ளினில் வில்லியம்ஸ்பர்க்கில் சத்மார் என்ற யூதப் பிரிவுப் பெண்கள் 1950களில் தொடங்கிய ஒரு சேவை இன்றைக்கும் நடக்கிறது. ஹிட்லர் காலத்து முகாம்களில் குடும்பத்தை இழந்து வந்தவர்களின் சமூகம் அது. வீட்டில் சமைத்ததை எடுத்துக்கொண்டு புரூக்ளினிலிருந்து பெண்கள் பஸ் ஏறி மன்ஹாட்டன் ஆஸ்பத்திரிகளுக்கு வந்தார்கள், தெரியாத நோயாளிகளின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வைத்தார்கள்.

ஒரு ராத்திரி மூன்று மணிக்கு ஐசியூ வாசலில் ஒரு அப்பா, யூதர்தான், காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்றார். அந்த அறைக் கதவின் எண்ணைச் சொல்லி அனுப்பினேன். அரை மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் சூப் கிண்ணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். 'யாரோ என் அம்மா மாதிரியே செய்திருக்கிறார்கள்' என்று மட்டும் சொன்னார்.

உங்களுக்கு உபயோகமாகச் சில விஷயம். நம் அடுப்பில் சமைத்தது எதுவும் அவர்களுக்கு ஆகாது, சைவமானாலும் சரி, பாத்திரமும் அடுப்பும் கணக்கில் வரும். வெட்டாத பழம் தாராளமாகக் கொடுக்கலாம். பிரிக்காத பாக்கெட்டில் ஒரு வட்டத்துக்குள் 'யூ' (U) எழுத்துப் போட்ட கோஷர் முத்திரை இருந்தால் பெரும்பாலான வீடுகளில் ஏற்றுக்கொள்வார்கள். ஒயின், திராட்சைச் சாறு நீங்கள் வாங்கிக் கொடுக்க வேண்டாம், அதற்குத் தனிச் சட்டம் உண்டு. சனிக்கிழமை எதையும் கொண்டுபோகாதீர்கள். அவர்களுடைய பஸ்கா பண்டிகை வாரத்தில் உணவுப் பொருளே வேண்டாம். அந்த எட்டு நாளைக்கு மாவுப் பண்டம் ஆகாது, இவர்களில் பல வீடுகளில் அரிசி பருப்புகூட ஆகாது.


பழையஏடு எழுதியது:

நான் பணி ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியன், மதுரையில் இருக்கிறேன். இந்த இழையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை, கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர்கள் இதைத் தருமம் என்று சொல்வதில்லை. 'ட்செதாக்கா' என்பார்கள். அந்தச் சொல்லின் வேர் நீதி. இரக்கப்பட்டுக் கொடுப்பது வேறு, அவருக்குச் சேர வேண்டியதைச் சேர்ப்பது வேறு. அதனால்தான் தானம் வாங்கிப் பிழைப்பவரும் தன் பங்குக்குக் கொஞ்சம் ட்செதாக்கா கொடுக்க வேண்டும் என்று அவர்களுடைய பழைய சட்ட நூலான தால்முத் சொல்கிறது. இந்த ஒரு விதியை மனதில் வையுங்கள் வாசல்கோலம், உங்கள் கேள்விக்கு இதில் பதில் இருப்பதாக எனக்குப் படுகிறது.

12ஆம் நூற்றாண்டில் மைமோனிடிஸ் என்ற யூதப் பேரறிஞர். ஸ்பெயினில் கொர்தோபாவில் பிறந்து எகிப்தில் வாழ்ந்து 1204இல் இறந்தவர். கொடுப்பதில் எட்டுப் படி உண்டு என்று எழுதிவைத்தார். கடைசிப் படி மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு கொடுப்பது. மேலே ஏற ஏறக் கேட்கும் முன்னே கொடுப்பது, யாருக்கென்று தெரியாமல் கொடுப்பது, யார் கொடுத்தார்கள் என்று தெரியாமல் கொடுப்பது என்று போகும். பழைய காலத்துப் பெரியவர்கள் காசைத் துணியில் முடிந்து முதுகுப்பக்கம் தொங்கவிட்டுக்கொண்டு நடப்பார்களாம், ஏழைகள் பின்னாலிருந்து எடுத்துக்கொள்ளலாம், இவர் திரும்பிப் பார்க்க மாட்டார். எல்லாவற்றுக்கும் உச்சியில் இருப்பது விழப்போகிறவன் கையைப் பிடிப்பது. கடன் கொடு, கூட்டுச் சேர்த்துக்கொள், வேலை தேடிக் கொடு, அவன் இன்னொருவரிடம் கையேந்தும் நிலை வராமல் பார்த்துக்கொள் என்கிறார்.

இதை எழுதியவர் கஷ்டம் தெரியாத ஆள் இல்லை. அவருடைய தம்பி தாவீது இந்தியாவோடு வணிகம் செய்தவர், குடும்பத்தையே அவர்தான் தாங்கினார், அண்ணன் படித்துக்கொண்டும் எழுதிக்கொண்டும் இருந்தார். நம் இந்துமாக்கடலில் கப்பல் மூழ்கித் தம்பி போய்விட்டார், ஊரார் கொடுத்து வைத்திருந்த பணமும் அவரோடு போயிற்று. தம்பி மனைவியும் ஒரு சின்னப் பெண்குழந்தையும் மைமோனிடிஸ் பொறுப்பில் வந்தார்கள். ஏறக்குறைய ஒரு வருஷம் காய்ச்சலோடு படுத்த படுக்கையாகக் கிடந்தேன் என்று பின்னால் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். அதற்கப்புறம் வைத்தியம் பார்த்துத்தான் குடும்பத்தைக் காப்பாற்றினார். விழப்போகிறவன் கையைப் பிடி என்பது அவருக்கு ஏட்டுச் சொல் இல்லை.

அவர் வாழ்ந்த பழைய கெய்ரோவில் ஒரு ஜெப ஆலயம். இறைவன் பெயர் எழுதிய தாளைத் தூக்கிப் போடக் கூடாது என்பதால், எழுதிய காகிதம் எல்லாவற்றையும் ஓர் அறையில் போட்டு வைப்பார்கள். கெனீசா என்று அதற்குப் பேர். 1896, 97இல் சாலமன் ஷெக்டர் என்ற அறிஞர் அங்கே போய் அள்ளிக்கொண்டு வந்து கேம்பிரிட்ஜில் சேர்த்தது மட்டும் கிட்டத்தட்ட ரெண்டு லட்சம் துண்டுகள். அதில் ரொட்டிக் கணக்குகள் இருக்கின்றன. இன்னாருடைய விதவைக்கு இத்தனை, கண் தெரியாதவருக்கு இத்தனை, வெளியூரிலிருந்து வந்தவருக்கு இத்தனை என்று. வாரத்துக்கு ரெண்டு நாள் ரொட்டி, செவ்வாயும் வெள்ளியும். உங்கள் தெருவுக்கு வரும் பெட்டிக்குக் குறைந்தது 900 வருஷத்து முன்னோடி இருக்கிறது என்று நான் சொன்னால் மிகை இல்லை.

உதவி கேட்டு எழுதிய கடிதங்களும் அங்கே கிடைத்தன. அவற்றில் 'மஸ்தூர்' என்ற அரபுச் சொல் திரும்பத் திரும்ப வரும். மூடியிருப்பவர் என்று பொருள். கஷ்டத்தை வெளியே காட்டாமல் மானத்தோடு குடும்பம் நடத்துகிறவர். இதுவரை மூடியிருந்தேன், இப்போது முகத்தைத் திறந்து கேட்க வேண்டியதாகிவிட்டது என்று எழுதுவார்கள். மழையில் அட்டைப்பெட்டி பிய்ந்ததே, அன்றைக்கு உங்கள் விளக்கு வெளிச்சத்தில் அந்த அம்மாவுக்கு நடந்தது அதுதான்.


நேர்க்கேள்வி எழுதியது:

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மனதில் பட்டதைக் கேட்டுவிடுகிறேன். இதெல்லாம் அவர்களுக்குள் மட்டும்தானே? தன் ஜாதி சங்கத்தில் ஸ்காலர்ஷிப் கொடுப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? எங்கள் ஊரிலும் சங்கம் இருக்கிறது, அதனால் பக்கத்துத் தெருக்காரனுக்கு ஒரு நன்மையும் இல்லை.


நாகர்கோவில்_எருசலேம் எழுதியது:

நேர்க்கேள்வி அண்ணன், நியாயமான கேள்வி. எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

நான் எருசலேமில் வயசான ஒரு பாட்டியம்மாவைக் கவனித்துக்கொள்ளும் வேலை பார்க்கிறேன், ஆறாவது வருஷம். இங்கே 'யாத் சாரா' என்று ஓர் அமைப்பு. சக்கர நாற்காலி, ஊன்றுகோல், ஆக்சிஜன் கருவி, குளியலறை ஸ்டூல், எல்லாம் கடனாகக் கொடுப்பார்கள். கொஞ்சம் முன்பணம் கட்ட வேண்டும், பொருளைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணம் திரும்ப வந்துவிடும். 1976இல் ஊரி லுபோலியான்ஸ்கி என்ற ஆசிரியர் தொடங்கினார். பிள்ளைக்குச் சளி, ஆவி பிடிக்கிற கருவி பக்கத்து வீட்டில் கடன் வாங்கியிருக்கிறார். இப்படி எத்தனை வீட்டுக்கு வேண்டியிருக்கும் என்று யோசித்து, சிலவற்றை வாங்கித் தன் வீட்டிலேயே வைத்துக் கொடுக்க ஆரம்பித்தார். ஹிட்லர் காலத்து யூதப் படுகொலையில் இறந்துபோன தன் பாட்டியின் பேரை வைத்தார், சாரா. பிற்பாடு 2003இல் அவர் எருசலேம் மேயரும் ஆனார். இன்றைக்கு நாடு முழுக்கக் கிளைகள், ஆயிரக்கணக்கான தொண்டர்கள், பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள்.

ஹெர்சல் சாலையில் இருக்கிற அவர்கள் கட்டடத்துக்குப் பாட்டியம்மாவின் நாற்காலிச் சக்கரம் சரி செய்ய நான் அடிக்கடி போவேன். வரிசையில் எனக்கு முன்னால் தலையில் முக்காடு போட்ட அரபு அம்மா, பின்னால் கறுப்புத் தொப்பிக்காரர், நடுவில் கழுத்தில் சிலுவையோடு நான். இந்த ஊரில் ஒரே வரிசையில் இப்படி நிற்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று இங்கே இருந்து பார்த்தால்தான் தெரியும். மேஜையில் உட்கார்ந்திருந்த தாத்தா என்னிடம் கேட்டது ஒன்றுதான், 'நோயாளி எடை எவ்வளவு?'


இரவுப்பணி எழுதியது:

நேர்க்கேள்வி, உங்கள் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. தோம்கே ஷாபோஸ் பெரும்பாலும் அவர்கள் சமூகத்துக்குள்தான். கோஷர் உணவு, சபாத் தேவை, எல்லாம் அப்படி அமைந்திருக்கிறது. உன் ஊர் ஏழை முதலில் என்பது அவர்களுடைய பழைய விதி. ஆனால் அதே தால்முத்தில், யூதரல்லாத ஏழைகளையும் யூத ஏழைகளோடு சேர்த்துத் தாங்க வேண்டும், சமாதான வழி அது, என்றும் இருக்கிறது. ரெண்டும் நடப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

புரூக்ளினில் பரோ பார்க்கில் 2005இல் 'மஸ்பியா' என்று ஒரு சாப்பாட்டுக் கூடம் தொடங்கினார்கள். கோஷர் சாப்பாடு, யார் வேண்டுமானாலும் போய்ச் சாப்பிடலாம். தட்டேந்தி வரிசையில் நிற்க வைக்காமல், ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரி மேஜைக்கே கொண்டுவந்து பரிமாறுகிற முறையில் ஆரம்பித்தது.

இன்னொன்று 'ஹீப்ரு ஃப்ரீ லோன் சொசைட்டி'. 1892இல், நியூயார்க்கில் லோயர் ஈஸ்ட் சைடில் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்து ஒண்டுக்குடித்தனத்தில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தவர்கள், 95 டாலர் மூலதனத்தில் ஆரம்பித்தது. வட்டி கிடையாது. தள்ளுவண்டி வாங்க, தையல் மிஷின் வாங்க என்று சின்னச் சின்னக் கடன். ஜாமீன் கையெழுத்து வேண்டும், அவ்வளவுதான். ஒருவர் கட்டுகிற பணம் அடுத்தவருக்குக் கடனாகப் போகும். இன்றைக்கும் நடக்கிறது, எந்த மதத்துக்காரரும் விண்ணப்பிக்கலாம். என்னோடு வேலை பார்த்த கரீபியன் பெண் ஒருவர் பல் சிகிச்சைக்கு அங்கே கடன் வாங்கி மாதாமாதம் கட்டி முடித்தார்.

வட்டியில்லாமல் பணமோ பொருளோ கடன் கொடுக்கிற இந்த ஏற்பாட்டுக்குப் பொதுவாக 'கெமாக்' என்று பேர். யூதர்கள் சேர்ந்து வாழ்கிற எந்த ஊரிலும் வீட்டுக்கு வீடு ஏதாவது ஒன்று இருக்கும். ஒரு வீட்டில் கல்யாண கவுன், ஒரு வீட்டில் மடக்கு நாற்காலி, ஒரு வீட்டில் தொட்டில். எங்கள் வார்டில் குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குப் பொம்மைக்குப் போடுகிற அளவில் சட்டை கொண்டுவந்து கொடுத்தார்கள். கேட்டால் அதற்கென்றே ஒரு கெமாக், ஒரு அம்மா தன் அலமாரியில் வைத்து நடத்துகிறாராம். அவருக்கும் அப்படி ஒரு குழந்தை பிறந்திருக்கிறது, வேண்டிய அளவில் சட்டை அன்றைக்குக் கிடைக்கவில்லை.


பழையஏடு எழுதியது:

கல்யாண கவுன் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. பழங்காலத்தில் எருசலேமில் வருஷத்தில் ரெண்டு நாள் கன்னிப்பெண்கள் வெள்ளை உடுத்தித் திராட்சைத் தோட்டத்தில் ஆடுவார்களாம். எல்லோரும் இரவல் வாங்கித்தான் உடுத்த வேண்டும், சொந்த உடை கூடாது. இல்லாதவள் ஒருத்தி கூசக் கூடாது என்பதற்காகவே பணக்காரி மகளும் இரவல் வாங்குவாள்.

துக்க வீட்டுக்கும் அப்படித்தான். அடக்கம் முடிந்து வந்ததும் முதல் சாப்பாட்டைத் துக்க வீட்டார் தங்கள் பொருளில் சாப்பிடக் கூடாது, அண்டை அயலார்தான் கொண்டுவர வேண்டும். நம் வீடுகளில் அடுப்பு மூட்டாமல் சம்பந்தி வீட்டிலிருந்தும் பங்காளி வீட்டிலிருந்தும் சோறு வருமே, அதே மாதிரி. முன்னொரு காலத்தில் பணக்கார வீட்டுக்கு வெள்ளித் தட்டிலும் ஏழை வீட்டுக்குப் பிரம்புக் கூடையிலும் கொண்டுபோனார்கள், ஏழைகள் கூனிக்குறுகினார்கள். அதனால் இனிமேல் எல்லோருக்கும் பிரம்புக் கூடைதான் என்று பெரியவர்கள் தீர்மானித்துவிட்டார்கள். ஏழைக்கும் வெள்ளித் தட்டு வையுங்கள் என்று சொல்லாமல் பணக்காரர் கையில் கூடையைக் கொடுத்தார்கள் பாருங்கள், அது எனக்கு ரொம்பப் பிடித்த இடம்.

கடைசியாக மார் உக்வா கதை. பாபிலோனியாவில் பெரிய மனிதர். பக்கத்து வீட்டு ஏழையின் கதவுக் குழியில் தினமும் நாலு காசு போட்டுவிட்டு வருவார். யார்தான் போடுகிறார்கள் என்று பார்க்க அந்த ஏழை ஒரு நாள் காத்திருந்தான். அன்றைக்கு மார் உக்வாவோடு மனைவியும் வந்திருந்தார். கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் ரெண்டு பேரும் ஓடி ஒளிந்தது, தீயை அப்போதுதான் வழித்தெடுத்த ஓர் அடுப்புக்குள். அவருக்குக் கால் சுட்டது, மனைவிக்குச் சுடவில்லை. 'என் கால்மேல் காலை வையுங்கள்' என்கிறார் அந்த அம்மா. ஏன் அவருக்குச் சுடவில்லை என்றால், அவர் வீட்டிலேயே இருந்து பசியோடு வருகிறவர்களுக்கு உடனே சாப்பிடுகிற மாதிரி கொடுத்தவர். காசு கொடுத்தால் அதைக் கொண்டுபோய் வாங்கிச் சமைத்துத்தானே சாப்பிட வேண்டும்.


நேர்க்கேள்வி எழுதியது:

பதில்களுக்கு நன்றி. பிரம்புக் கூடை விஷயத்தை எங்கள் சங்கக் கூட்டத்தில் சொல்லப் போகிறேன். பரிசளிப்பு விழாவில் ஏழைப் பிள்ளைகளை மேடையில் நிற்க வைத்துப் போட்டோ எடுப்பதை இந்த வருஷமாவது நிறுத்தச் சொல்லிக் கேட்க வேண்டும். நானும் அந்தப் போட்டோவில் நின்ற பையன்தான்.


வாசல்கோலம் எழுதியது (ஆறு வாரம் கழித்து):

எல்லோருக்கும் நன்றி, உடனே எழுத முடியவில்லை. ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார், வந்த பத்தாம் நாள் மாடிப்படியில் கால் பிசகிவிட்டது. எலும்பு முறிவு இல்லை, ஆனால் மூன்று வாரம் ஊன்றி நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார்.

முதலில் செய்தது, உங்கள் கடிதங்களைப் படித்த அன்றைக்கே அந்த சென்சார் விளக்கைக் கழற்றிவிட்டோம். இவர் ஏணி போட்டு ஏறிக் கழற்றினார். இப்போது வியாழக்கிழமை ராத்திரி அந்தப் பக்கம் இருட்டாகத்தான் இருக்கிறது.

அப்புறம் பழையஏடு ஐயா சொன்ன விதி. வாங்குகிறவரும் கொடுக்க வேண்டும் என்பது. அம்மாவுக்கு வாக்கர் வேண்டியிருந்தது, கடையில் வாங்கியிருக்கலாம்தான். ஆனால் நான் நேரே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, 'எனக்கு ஓர் உதவி வேண்டும், இங்கே வாக்கர் இரவலாக எங்கே கிடைக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா' என்று கேட்டேன். அந்த அம்மா முகம் அப்படியே மாறிவிட்டது. 'உள்ளே வாங்க, உட்காருங்க' என்று சொல்லிக்கொண்டே போனை எடுத்தார். இருபது நிமிஷத்தில் அவருடைய பெரிய பெண் மூன்று தெரு தள்ளி ஒரு வீட்டு கராஜிலிருந்து வாக்கரும் குளியலறை ஸ்டூலும் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். வாடகை எவ்வளவு என்று கேட்டேன். 'உங்கம்மா நல்லா நடந்ததும் திருப்பிக் கொடுங்க, அவ்வளவுதான்' என்றார்.

அன்றைக்குத்தான் இன்னொன்றும் தெரிந்தது. துணி துவைக்கிற அறையில் ஓர் அலமாரி வைத்திருக்கிறார். குழந்தைகளுக்கான காய்ச்சல் மருந்து, தெர்மாமீட்டர், சளி உறிஞ்சுகிற குழாய், எல்லாம் வரிசையாக. ராத்திரி கடை மூடியபின் யார் பிள்ளைக்காவது காய்ச்சல் என்றால் இங்கே வந்து வாங்கிக்கொண்டு போவார்கள், அப்புறம் புது பாட்டில் வாங்கி வைத்துவிடுவார்கள். ஒன்பது வருஷமாக நடத்துகிறாராம். பக்கத்தில் நூல் கட்டித் தொங்கவிட்ட ஒரு நோட்டு, பேனா. வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் இருந்த வாரங்களில் நோட்டில் எழுத்து மட்டும் வேறு கையாக இருந்தது, பிள்ளைகள் எழுதியிருக்கிறார்கள். பெட்டி வாங்கிச் சாப்பிடுகிற இந்த மாதங்களில் ஒரு நாள்கூட அலமாரியை மூடவில்லை.

நானும் இப்போது அந்த அலமாரிக்குப் பங்கு கொடுக்கிறேன். எந்தக் கம்பெனி மருந்து வாங்க வேண்டும் என்று அவரே எழுதிக் கொடுத்தார், கோஷர் பார்த்துத்தான். ரெண்டு தெர்மாமீட்டரும் வாங்கி வைத்தேன், சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். பஸ்கா முடிந்ததும் ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுபோனோம். அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தார். ரெண்டு பேருக்கும் பாஷை தெரியாது, ஆனால் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். கடைக்குட்டி அம்மா மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

அந்த வீட்டுக்காரர் இப்போது சாயங்காலம் கொஞ்ச தூரம் நடக்கிறார், கையசைத்தால் அவரும் கையசைக்கிறார்.

அம்மா அடுத்த மாதம் ஊருக்குக் கிளம்புகிறார். அதற்குள் வாக்கரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதன் அடியில் இருக்கிற ரப்பர் நாலில் ரெண்டு தேய்ந்துபோயிருக்கிறது. புதுசு மாட்டிக் கொடுக்கலாம் என்று இவர் அளவு எடுத்துக்கொண்டிருக்கிறார்.